அழுதால் கண் போய்விடும் என்கிறார்கள்

காவிரிக்கரை | திங்கள், இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். கைப்பேசியிடம் வாயால் சொல்லி இதை எழுதுகிறேன். எழுத்து மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 61. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இரண்டு கண்ணிலும் கண் நீர் அழுத்த நோய். கண்டுபிடித்து ஒன்பது வருடம் ஆகிறது. வலது கண் ஏறக்குறைய அணைந்துவிட்டது. இடது கண்ணில் நடுவே மட்டும் கொஞ்சம் தெரிகிறது. தாம்பாளத்தில் வைத்த குங்குமச்சிமிழ் தெரிந்தால் தாம்பாளம் தெரியாது. அவ்வளவுதான் என் பார்வை.

என் கணவர் ஐப்பசியில் காலமானார். காலையில் எனக்குக் காபி ஆற்றிக் கொடுத்தவர் பதினோரு மணிக்கு இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

நான் கேட்க வந்தது இதுதான். அவரை எடுத்துக்கொண்டு போன நிமிடத்திலிருந்து என்னை யாரும் அழ விடவில்லை. "அவன்தான் போய்விட்டான், இருக்கிற கண்ணையாவது காப்பாற்றிக்கொள்" என்று பெரியவர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். என் ஓரகத்தி கையில் துண்டோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கினால் உடனே ஒற்றி எடுத்துவிடுவாள். அன்பால்தான் செய்தாள், எனக்குத் தெரியும். நானும் பயந்து அடக்கிக்கொண்டேன். இன்றைக்கு நாற்பத்து மூன்று நாள். நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்ததுபோல் இருக்கிறது.

உண்மையிலேயே அழுதால் கண் அழுத்தம் ஏறுமா? மருத்துவரிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. மகள் கூட வருவாள். அவள் முன்னால் கேட்டால் அவள் உடைந்துபோவாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒன்பது வருடமும் சொட்டு மருந்தை அவர்தான் போட்டுவிட்டார். காலை ஏழு மணிக்கு ஒன்று, இரவு ஒன்பது மணிக்கு இரண்டு. ஒரு சொட்டுகூட நான் என் கையால் போட்டுக்கொண்டதில்லை. காரியம் முடிகிற வரைக்கும் பதினாறு நாளும் மருந்தே போடவில்லை. யாருக்கும் நினைவில்லை, எனக்கும் இல்லை. இப்போது போட்டுக்கொள்ள முயல்கிறேன், கன்னத்தில்தான் வழிகிறது.


முன்னாள் செவிலி | திங்கள், இரவு 11.05

அம்மா, உங்கள் கணவருக்கு என் அஞ்சலி. மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். அழுவதால் கண் நரம்பு கெடாது. அழலாம்.

இந்தக் குழப்பத்துக்கு நோயின் பெயரே ஒரு காரணம் என்று எனக்கு எப்போதும் தோன்றும். கண் நீர் அழுத்தம் என்று எழுதினால் கண்ணீர் அழுத்தம் என்றுதான் காதில் விழுகிறது. இரண்டும் வேறு நீர், அம்மா. கண்ணீர் சுரப்பது கண்விழிக்கு வெளியே, மேல் இமைக்கு உள்ளே புருவ ஓரத்தில் இருக்கும் சுரப்பியில். அது விழியை நனைத்துவிட்டு மூக்கு வழியாக இறங்கிவிடும். அழுதால் மூக்கு ஒழுகுவது அதனால்தான். அழுத்தம் தருகிற நீர் கண்ணுக்கு உள்ளேயே ஊறி, உள்ளேயே ஒரு வடிகால் வழியாக வெளியேறுகிறது. அந்த வடிகால் சரியாக வேலை செய்யாதபோதுதான் உள்ளே அழுத்தம் கூடி, பின்னால் இருக்கும் பார்வை நரம்பு நசுங்குகிறது. நீங்கள் ஒரு குடம் கண்ணீர் விட்டாலும் அந்த வடிகாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆனால் பதினாறு நாள் மருந்து போடாததற்கு நான் பயப்படுகிறேன். இந்த நோயில் போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பது மருந்துதான். அடுத்த பரிசோதனை எப்போது என்று காத்திருக்காமல் இந்த வாரமே போய் அழுத்தம் பாருங்கள். நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். துக்க வீட்டில் மருந்து தவறிப்போய் வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் முதல் ஆள் இல்லை.

இனி, நீங்களே போட்டுக்கொள்ளும் விதம். உட்கார்ந்தோ நின்றோ முயல வேண்டாம், தலையணை இல்லாமல் மல்லாந்து படுங்கள். இடது கையால் கீழ் இமையைக் கீழே இழுத்தால் சின்னப் பை போல் ஒரு குழி கிடைக்கும். மருந்துக் குப்பி பிடித்த வலது கையை நெற்றியிலோ இடது கை முட்டியிலோ ஊன்றிக்கொள்ளுங்கள், அப்போது கை ஆடாது. குப்பியின் நுனி கண்ணில் படக் கூடாது. சொட்டு விழுந்ததா என்ற சந்தேகம் வராமல் இருக்க ஒரு வழி உண்டு: குப்பியைச் சற்று நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் குளிர்ச்சியாக விழுவது தெரியும். உறைபெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். போட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்காது, கண்ணிலேயே நிற்கும். இரவில் இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும். ஒரு குப்பிக்கு ஒரு ரப்பர் வளையம், மற்றதற்கு இரண்டு மாட்டிவிடுங்கள். தடவினால் தெரிந்துவிடும்.

ஒரு கேள்வி. இந்த நாற்பது நாளில் கண் சிவந்திருக்கிறது என்று யாராவது மருந்துக் கடையில் வேறு சொட்டு மருந்து வாங்கித் தந்தார்களா?


தாமிரபரணி | செவ்வாய், காலை 6.50

செவிலி அம்மா சொல்வதை மறுப்பதாக நினைக்க வேண்டாம். என் அம்மாவுக்குக் கண்புரை அறுவை செய்தபோது அழக் கூடாது, தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று மருத்துவமனையிலேயே சொல்லித்தான் அனுப்பினார்கள். பெரியவர்கள் சொல்வதில் ஏதாவது இருக்கும் அல்லவா?


முன்னாள் செவிலி | செவ்வாய், காலை 7.30

நீங்கள் சொல்வது அறுவை முடிந்த முதல் சில வாரங்களுக்கு, தங்கை. அப்போது உள்ளே ஆறாத புண் இருக்கும். அழுகிறவர்கள் சும்மா அழ மாட்டார்கள், முந்தானையால் கண்ணைக் கசக்குவார்கள். அழுக்குத் துணியும் குழாய்த் தண்ணீரும் கிருமியைக் கொண்டுவந்துவிடும். அந்தப் பயத்தில் சொன்னதை ஆயுள் முழுக்க நீட்டிவிட்டோம். கண்புரையே வேறு நோய். அது விழிக்குள் இருக்கும் லென்ஸ் மங்குவது, மாற்று லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பும். காவிரிக்கரை அம்மாவுக்குப் பழுது நரம்பில்.


காவிரிக்கரை | செவ்வாய், பிற்பகல் 3.15

எப்படிக் கேட்டீர்கள் அம்மா? வாங்கித் தந்தார்கள். பத்தாம் நாள் கண் சிவந்து எரிகிறது என்றேன். என் தம்பி கடைக்குப் போய்ச் சொல்லி ஒரு குப்பி வாங்கி வந்தான். உடனே குளிர்ந்தது. அதைத்தான் இன்றுவரை போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சந்தேகமும் மனத்தில் கிடக்கிறது. என் கணவரின் கண்களைத் தானம் கொடுத்தோம். அவர் விருப்பம் அது. ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று மகள்தான் ஓடினாள். அப்போது என் நாத்தனார் எல்லோர் முன்னாலும் கேட்டார், "ஊராருக்குக் கொடுப்பதில் ஒன்றை இவளுக்கு வைக்கக் கூடாதா" என்று. யாரும் பதில் சொல்லவில்லை. நானும் அந்த நேரத்தில் அதையே நினைத்தேன். அவர் கண்ணால் பார்க்க முடிந்தால் எப்படி இருக்கும் என்று.


முன்னாள் செவிலி | செவ்வாய், பிற்பகல் 3.40

அந்தக் குப்பியை உடனே பையில் எடுத்து வையுங்கள். நாளையே மருத்துவரிடம் காட்டுங்கள். கண் சிவப்புக்குக் கடையில் தருகிற சொட்டு மருந்து பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். சிலருக்கு அதுவே கண் அழுத்தத்தை ஏற்றும். உங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். அழுகைக்குப் பயந்து உங்களைக் காத்தார்கள், ஆபத்து இந்தக் குப்பி வழியாக வந்திருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

கண்தானத்தில் பொருத்துவது கருவிழியின் மேல் இருக்கும் ஒளிபுகும் படலத்தை மட்டும். கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி போன்றது அது. முழுக் கண்ணையும் எடுத்து இன்னொருவருக்குப் பார்வை தர இன்று வழியில்லை. உங்களுக்குக் கண்ணாடி நன்றாக இருக்கிறது. மூளைக்குப் போகிற கம்பிதான் பழுது. உங்கள் நாத்தனாருக்கு அன்றே யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கேட்காமல் விட்டுவிட்டோமே என்று ஏங்க ஒன்றுமில்லை, அம்மா. அவர் கொடுத்தது படலம் கெட்டுப்போன யாருக்கோ வெளிச்சம் ஆகியிருக்கும்.


கொடிவேரி | செவ்வாய், இரவு 9.10

அக்கா, கோபிசெட்டிபாளையம் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வயது 53. சர்க்கரை நோய் விழித்திரையைத் தின்றுவிட்டது. வலிக்கவே இல்லை, அதனால் நான் கண் பரிசோதனைக்குப் போகவே இல்லை. 47 வயதில் ஒரு நாள் காலையில் கண்ணுக்குள் கறுப்பு மை கொட்டியது போல ஆனது. உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. லேசர், ஊசி, அறுவை எல்லாம் ஆகி இப்போது வெளிச்சமும் நிழலும் தெரிகிறது. சர்க்கரை உள்ளவர்கள் இதைப் படித்தால், பார்வை நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைக் காட்டிவிடுங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

பார்வை போன பிறகு கல்லாவில் என் மனைவிதான் உட்கார்ந்தாள். நான் எடை போடுவேன், அவள் காசு வாங்குவாள். இரண்டு வருடத்துக்கு முன் புற்றுநோயில் போய்விட்டாள். அப்போது நான் கண்ணை இரண்டாவது முறை இழந்தேன். முதல் முறை எனக்குப் பார்வைதான் போனது. இரண்டாம் முறை, பார்த்துச் சொல்கிறவளே போய்விட்டாள். நான்கு மாதம் கடையைத் திறக்கவில்லை.

பணத்தை எண்ணப் பழகியதுதான் என்னை எழுப்பியது. அதைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். இப்போதைய நோட்டுகளில் 100 ரூபாய் 142 மில்லிமீட்டர் நீளம், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. அகலம் மூன்றுக்கும் ஒன்றுதான். 10, 20 ரூபாய் நோட்டுகள் அகலத்திலும் கொஞ்சம் குறைவு. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் முதலில் விரலுக்குப் பிடிபடாது. மனைவியின் பழைய நோட்டுப்புத்தக அட்டையில் மூன்று நீளத்துக்கும் வெட்டு வைத்துக்கொண்டேன், அதில் வைத்துப் பார்ப்பேன். நோட்டின் இரண்டு ஓரத்திலும் புடைத்த சாய்கோடுகள் இருக்கும்: 100க்கு நான்கு, 500க்கு ஐந்து, 200க்கு நான்கு கோடும் நடுவில் இரண்டு வட்டமும். புது நோட்டில் நன்றாகத் தட்டுப்படும், நைந்த நோட்டில் தேய்ந்துவிடும். சந்தேகம் வந்தால் ரிசர்வ் வங்கி 2020இல் விட்ட மணி என்ற செயலி இருக்கிறது. நோட்டைக் காட்டினால் எவ்வளவு என்று சொல்லும். நாணயத்தில் 20 ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம், அது தப்பாது.

வீட்டில் வைக்கும்போது 100ஐ மடிக்காமல், 200ஐ குறுக்கே ஒரு மடிப்பு, 500ஐ இரண்டு மடிப்பு. இது என் வழக்கம். உங்களுக்கு வசதியான மடிப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் எழுதிய கடன் நோட்டு ஒன்று கடையில் கிடந்தது. என்னால் படிக்க முடியாது. யாரிடமும் கொடுக்கவும் மனம் வரவில்லை. எட்டாம் வகுப்புப் படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுவதையும் படித்துக் காட்டினான். பருப்பு, எண்ணெய், சோப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு பக்கத்தில், "தெற்குத்தெரு பாட்டிக்கு அரிசி 2 கிலோ, கேட்க வேண்டாம்" என்று எழுதியிருந்தாள். இரண்டு பக்கம் தள்ளி மறுபடியும், "பாட்டிக்கு 2 கிலோ, கேட்க வேண்டாம்." எனக்குத் தெரியாமல் வருடக்கணக்காகக் கொடுத்திருக்கிறாள். அன்றைக்குத்தான் நான் அழுதேன் அக்கா. பையன் பயந்துபோய் அவன் அம்மாவைக் கூட்டிவந்துவிட்டான். பாட்டிக்கு அரிசி இன்றும் போகிறது.


தாமிரபரணி | புதன், காலை 10.00

கொடிவேரி அண்ணா எழுதியதைப் படித்து எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். காவிரிக்கரை அம்மா இப்போது தனியாகவா இருக்கிறீர்கள்? கேஸ் அடுப்பு, கொல்லைக் கிணறு, இரவில் பாம்பு பூச்சி. மகள் வீட்டுக்குப் போய்விடுங்கள் அம்மா. இந்த வயதில் புதிதாகப் பழகிக் காட்டி யாருக்கு என்ன நிரூபிக்க வேண்டும்?


தாம்பரம் மகன் | புதன், பிற்பகல் 1.25

தாமிரபரணி சகோதரி சொன்னதைத்தான் நானும் மூன்று வருடத்துக்கு முன் செய்தேன். அதனால் எழுதுகிறேன்.

அப்பா போன பதினெட்டாம் நாள் அம்மாவை என்னோடு தாம்பரம் அழைத்து வந்துவிட்டேன். அம்மாவுக்கு அப்போதே பார்வை பாதிக்குக் கீழ். ஊரில் வீடு பூட்டிக் கிடக்க வேண்டாம் என்று இரண்டு மாதத்தில் விற்றும்விட்டேன். எல்லாம் நல்லெண்ணம்தான். ஊர் வீட்டில் அம்மா விளக்கே இல்லாமல் நடமாடுவார். எத்தனை எட்டில் நிலைப்படி, எந்தத் தூணில் ஆணி, எல்லாம் உடம்புக்குத் தெரியும். இங்கே மூன்றாவது மாடி. ஒரே மாதிரி நான்கு கதவு. குளியலறைக்கும் பால்கனிக்கும் வித்தியாசம் தெரியாமல் நிற்பார். நான்காம் மாதம் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அவர் தனியாக எழுந்து நடக்கவே இல்லை.

அம்மா ஒரு நாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. "அப்பாவையும் அங்கே விட்டுவிட்டேன், வழியையும் அங்கே விட்டுவிட்டேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். மகள் வீட்டுக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போய் ஒரு மாதம் இருந்து பாருங்கள். வீட்டை விற்கும் பத்திரத்தில் மட்டும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.


காவிரிக்கரை | புதன், இரவு 8.30

தம்பி, உங்கள் அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

இன்று மருத்துவமனைக்குப் போனேன். இடது கண்ணில் அழுத்தம் 28 இருந்தது. அவர் இருந்தபோது 16, 17 தாண்டியதில்லை. கடை மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது. மருத்துவர் அதை வாங்கிக் குப்பையில் போட்டார். பழைய மருந்துகளோடு இரண்டு வாரத்துக்கு மாத்திரையும் தந்திருக்கிறார். மகள் முன்னாலேயே கேட்டுவிட்டேன், அழலாமா என்று. அவர் தன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தாராளமாக அழுங்கள், மருந்து போட்ட அரை மணி நேரம் மட்டும் வேண்டாம், கரைந்து போய்விடும்" என்றார்.

நான் இருப்பது எங்கள் வீட்டில்தான், மகள் இன்னும் பத்து நாள் என்னோடு இருப்பாள். தம்பி சொன்ன எட்டுக் கணக்கு எனக்கும் உண்டு. ஆனால் காரியத்துக்கு வந்தவர்கள் அடுக்களையை ஒழுங்குசெய்துவிட்டுப் போனார்கள். உப்பு ஜாடி இருந்த இடத்தில் இப்போது சோடா மாவு. அவருடைய சாய்வு நாற்காலியைப் பார்த்தால் எனக்குத் துக்கம் வரும் என்று பரணில் ஏற்றிவிட்டார்கள். அந்த நாற்காலியைத் தொட்டுத்தான் நான் திண்ணைக்குத் திரும்புவேன். அது இல்லாமல் இரண்டு முறை சுவரில் மோதிக்கொண்டேன்.


வெண்கோல் | புதன், இரவு 10.45

நாற்காலியை நாளைக் காலையிலேயே இறக்கச் சொல்லுங்கள் அம்மா. பார்வை உள்ளவர்களுக்கு அது நினைவுப்பொருள். உங்களுக்கு அது திருப்பம்.

நான் பன்னிரண்டு வயதிலிருந்து பார்வையற்றவன். வளர்ந்த பிறகு பார்வை இழந்தவர்களுக்குக் கோல் பிடித்து நடக்கக் கற்றுக்கொடுக்கிறேன். என் அனுபவத்தில் நடுவயதுக்கு மேல் வருகிறவர்களில் பலர் பார்வை போய் ஐந்து, ஆறு வருடம் கழித்துத்தான் வருகிறார்கள். காரணம் ஒன்றேதான். கணவனோ மனைவியோ கையைப் பிடித்துக்கொண்டு அதுவரை எல்லா இடத்துக்கும் அழைத்துப் போயிருப்பார்கள். அந்தக் கை விழுந்த பிறகு வருகிறார்கள். ஒரே நேரத்தில் துக்கத்தையும் தாங்கி, கோலையும் பழகுவது மிகக் கடினம். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது துணை உயிரோடு இருந்தால், இப்போதே கோல் பழகுங்கள். மருந்தும் உங்கள் கையால் போடுங்கள். துணையின் அன்பை மறுப்பதாகாது அது.

காவிரிக்கரை அம்மா, துக்கம் ஆறட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். முதலில் வீட்டிலிருந்து வாசல், அடுத்து தெருமுனை. சென்னைப் பக்கம் வர முடிந்தால் பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் வட்டார மையம் இருக்கிறது. பெரிய கண் மருத்துவமனைகளில் குறைபார்வைப் பிரிவு என்று தனியாக இருக்கும், அங்கேயும் கேளுங்கள்.

அடுத்தது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. முழுப் பார்வையும் போனால்தான் தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி குறைபார்வையும் கணக்கில் வரும். நடுப்பார்வை எழுத்தைப் படித்தாலும் சுற்றுப்பார்வை 40 பாகைக்குள் சுருங்கியிருந்தால் குறைபார்வைதான். ஆகவே போர்டில் எழுத்து வாசிப்பதோடு விட்டுவிடாமல் சுற்றுப்பார்வையை அளந்து தரும் பெரிமெட்ரி பரிசோதனைத் தாளைக் கட்டாயம் கொண்டுபோங்கள். சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் மருத்துவக் குழு எந்தக் கிழமை கூடுகிறது என்று சொல்வார்கள்.

கணவருடைய குடும்ப ஓய்வூதியத்துக்கு வங்கிக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே என்ன சொன்னார்கள்?


காவிரிக்கரை | வியாழன், காலை 9.20

வங்கியின் பெயர் வேண்டாம். "உங்களுக்குப் பார்வை இல்லை, ஏடிஎம் அட்டையும் காசோலையும் தர முடியாது, மகளோடு கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார்கள். முப்பது வருடம் கணக்குப்பிள்ளை வேலை பார்த்தவள் நான். என் கையெழுத்து இன்னும் மாறவில்லை.


வெண்கோல் | வியாழன், காலை 9.50

அது விதிக்கு எதிரானது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குக் காசோலைப் புத்தகம், ஏடிஎம், பெட்டக வசதி எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூன் 4 அன்றே எல்லா வணிக வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அந்தத் தேதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். மறுப்பதானால் மறுப்பையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். கூட்டுக் கணக்கு உங்கள் விருப்பமாக இருந்தால் மட்டும்.


தாமிரபரணி | வெள்ளி, இரவு 9.00

ஒரு வாரமாகக் கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தேன். இங்கே எல்லோரும் மனம் திறந்து எழுதுவதால் கேட்கிறேன்.

என் அம்மாவுக்கு 74 வயது. கண்புரை எடுத்தும் விழித்திரை நடுவில் கெட்டுவிட்டதால் முகம் தெரியாது. அப்பா போய் எட்டு மாதம். இரண்டு மாதமாக, முற்றத்தில் சின்னப் பிள்ளைகள் பாவாடை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறார். சுவர் முழுக்கப் பூக்கோலம் ஓடுகிறதாம். பேசுகிறார்களா என்றால் இல்லை, சும்மா இருக்கிறார்கள் என்கிறார். உறவினர்கள் அப்பா சாந்தியடையவில்லை என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினோம். வேப்பிலை அடித்தபோது அம்மா கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். இப்போது எதையும் சொல்வதில்லை. ஆனால் பார்க்கிறார், எனக்குத் தெரியும்.


கரும்பலகை | சனி, காலை 5.40

தங்கை, உன் அம்மாவுக்குப் பேயும் இல்லை, புத்தியும் கெடவில்லை. நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், 70 வயது, எனக்கும் அதே விழித்திரை நோய். எனக்கு வந்தது பிள்ளைகள் இல்லை, செங்கல் சுவர். எங்கே பார்த்தாலும் வரிசை வரிசையாகச் செங்கல், ஒன்றுக்கொன்று அச்சாக. சில நாள் தொப்பி வைத்த குள்ளமான ஆட்கள். ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பைத்தியம் என்று அடைத்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

இதற்குச் சார்ல்ஸ் போனே நோய்க்குறி என்று பெயர். போனே சுவிட்சர்லாந்துக்காரர். பார்வை மங்கிய தன் தாத்தாவுக்கு மனிதர்களும் பறவைகளும் கட்டடங்களும் தோன்றுவதை 1760இல் எழுதிவைத்தார். கண்ணிலிருந்து செய்தி வராதபோது மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருக்காமல் தானே படம் போடுகிறது. படம் பேசாது. பார்க்கிறவருக்கு இது உண்மை இல்லை என்று தெரிந்தே இருக்கும். உன் அம்மா சொல்வது இதற்குப் பொருந்துகிறது. படம் வரும்போது விளக்கைப் போடலாம், எழுந்து நடக்கலாம், தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் இடமும் வலமும் வேகமாக அசைக்கலாம். எனக்குக் கண்ணசைவுதான் பலன் தந்தது. பலருக்கு நாளடைவில் குறைந்துவிடும். குரல் கேட்டாலோ, குழப்பமோ காய்ச்சலோ சேர்ந்தாலோ, புது மாத்திரைக்குப் பிறகு தொடங்கியிருந்தாலோ மட்டும் காரணம் வேறாக இருக்கலாம். எப்படியும் மருத்துவரிடம் ஒரு முறை சொல்லிவிடு.

துக்கத்தில் இறந்தவரை உணர்வது தனி. வேல்ஸ் நாட்டில் டெவி ரீஸ் என்ற மருத்துவர் துணையை இழந்த 293 பேரைக் கண்டு பேசி 1971இல் எழுதினார். ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருந்தார்கள், சிலர் பார்த்திருந்தார்கள், கேட்டிருந்தார்கள். பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது ஆறுதலாக இருந்தது என்றும் எழுதியிருக்கிறார்.

வேப்பிலை அடித்ததற்கு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடு. "இன்றைக்கு முற்றத்தில் யார் வந்தார்கள் அம்மா" என்று கேள். அவர் மறுபடி பேசுவார்.


தாமிரபரணி | சனி, காலை 11.30

கேட்டேன் ஐயா. முதலில் ஒன்றுமில்லை என்றார். நான் செங்கல் சுவரைப் பற்றிச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான்கு பிள்ளைகள். ஒருத்திக்கு மட்டும் இரட்டைச் சடை" என்றார். கயிற்றை நானே அறுத்துவிட்டேன்.


காவிரிக்கரை | சனி, இரவு 9.40

கரும்பலகை ஐயா, எனக்கும் வலது பக்கத்தில் சில நேரம் மஞ்சள் பூ போலக் கொத்துக் கொத்தாக வருகிறது. இப்போதுதான் பயம் விட்டது. ஆனால் ஒன்று கேட்கிறேன். பூ வருகிறது, உங்களுக்குச் செங்கல் வருகிறது. வேண்டிய முகம் மட்டும் ஏன் வருவதில்லை?


கரும்பலகை | ஞாயிறு, காலை 5.15

அம்மா, நானும் அதைத்தான் முதலில் கேட்டேன். இந்தப் படங்களில் பெரும்பாலும் தெரியாத முகங்களே வருகின்றன. மூளை நம் ஏக்கத்தைக் கேட்டுப் படம் போடுவதில்லை.

என் மனைவி போய் நான்கு வருடம் ஆகிறது. கூடத்தில் படம் மாட்டி மாலை போட்டிருக்கிறோம். எனக்கு நடுப்பார்வை இல்லை. நேராகப் பார்த்தால் பார்க்கும் இடத்தில் கறுப்புத் திட்டு. ஆகவே படத்தின் முன் நின்றால் புடவை தெரியும், சட்டம் தெரியும், அவள் முகம் இருக்கும் இடம் மட்டும் இருக்காது. முப்பத்தெட்டு வருடம் பார்த்த முகம். தினமும் காலையில் விளக்கேற்றிவிட்டு அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கடைசியில் படத்தின் முன் போவதையே விட்டுவிட்டேன்.

குறைபார்வைப் பிரிவில் ஒரு பெண் எனக்கு ஓரத்தால் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். கடிகாரம் ஒன்றைக் காட்டி, நடுவை விட்டுவிட்டுப் பன்னிரண்டைப் பாருங்கள், மூன்றைப் பாருங்கள் என்று ஒவ்வொரு எண்ணாகப் பார்க்கச் சொன்னார். எந்த எண்ணைப் பார்க்கும்போது முள் நன்றாகத் தெரிகிறதோ அதுதான் உங்கள் புது நடு என்றார். எனக்கு அது ஒன்று. வலது மேல் ஓரம். மூன்று மாதம் பழகினேன். எழுத்தைப் பெரிதாக்கும் கண்ணாடியோடு செய்தித்தாளின் தலைப்பு படிக்க வந்தது. அதுவரைக்கும் படத்தை நினைக்கவே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை மாற்றும்போது, மாலையின் வலது மேல் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் அவள் முகம் வந்தது. தெளிவாக இல்லை, மூக்குத்தி பளிச்சென்று இருந்தது. திரும்பி நேராகப் பார்த்தேன், போய்விட்டது. மறுபடி முடிச்சைப் பார்த்தேன், வந்தது.

உங்களுக்கு நேர் எதிர், அம்மா. நடுப்பார்வை இருக்கிறது, சுற்றுதான் இல்லை. படத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். தூரம் கூடக் கூட உங்கள் சின்ன வட்டத்துக்குள் முகம் முழுவதும் அடங்கும். பக்கத்தில் போனால் ஒரு கண்ணோ ஒரு காதோதான் கிடைக்கும். விளக்கின் வெளிச்சம் படத்தின் மேல் விழும்படி வையுங்கள், கண்ணாடிச் சட்டம் இருந்தால் பளபளக்கும், கழற்றிவிடுங்கள்.


காவிரிக்கரை | அடுத்த வியாழன், இரவு 10.10

நாற்காலியைப் பரணிலிருந்து இறக்கியாயிற்று. உப்பு உப்பு இடத்துக்கு வந்துவிட்டது. தம்பி வந்து, தான் வாங்கிய குப்பியை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டான். உன்மேல் தப்பில்லை என்று அவனைச் சமாதானம் செய்ய ஒரு மணி நேரம் ஆனது. அவனையும் மகளையும் கண் அழுத்தம் பார்க்க அனுப்பியிருக்கிறேன். கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் சொன்னார். தம்பிக்கு 24 இருக்கிறது. அவனுக்கு எதுவுமே தெரியவில்லை, பார்வை நன்றாக இருக்கிறது என்கிறான். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. அவனுக்கு இனி நான்தான் ஆசிரியை.

எனக்கு இடது கண்ணில் 19க்கு இறங்கியிருக்கிறது. வங்கியில் தேதி போட்டு எழுதிக் கொடுத்தேன், அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று இரவு ஒன்பது மணிக்குப் படுத்துக்கொண்டு ஒரு வளையக் குப்பியைப் போட்டேன். சில்லென்று விழுந்தது. மூக்கோரத்தை அழுத்திக்கொண்டு நூற்றிருபது எண்ணினேன். ஐந்து நிமிடம் கழித்து இரண்டு வளையக் குப்பி. அதுவும் சரியாக விழுந்தது. அவர் போடும்போது ஒவ்வொரு சொட்டுக்கும் "ஆச்சு" என்பார். பழக்கத்தில் நானே "ஆச்சு" என்று சொன்னேன்.

கைப்பேசியில் அரை மணி நேரம் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். மணி அடித்ததும் எழுந்து போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். மகள் வந்து கதவருகில் நின்றாள். ஓரகத்தியும் வந்தாள், கையில் துண்டு இருந்தது. மகள் அதை வாங்கி மடித்து வைத்துவிட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எத்தனை மணி வரை அழுதேன் என்று தெரியவில்லை.